பலவகை என்று எழுதிய அலமாரி

சிறப்புத் தொகுப்புப் பிரிவுக்குப் புதிதாக வருகிற மாணவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இங்க இருக்கிறதுலயே மதிப்பு மிக்கது எது மேடம்?" பழைய திருக்குறள் ஏட்டையோ கம்பராமாயணச் சுவடியையோ காட்டுவேன் என்று எதிர்பார்ப்பார்கள். அவற்றைக் காட்டிவிட்டு, அறையின் கடைசி வரிசைக்கு அழைத்துப் போவேன். அந்த வரிசைக்குரிய பட்டியலில் நூல் பெயர்கள் குறைவு. "பலவகை", "கணக்கு", "பெயர் தெரியவில்லை", "முற்றுப்பெறாதது" என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் சுவடிகளோடும் பழைய அச்சு நூல்களோடும் பணிக்காலம் முழுவதையும் கழித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: இனி நமக்குக் கிடைக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி அந்த வரிசையில்தான் இருக்கிறது.

இப்படி ஒரு வரிசை உருவானதற்குக் காரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சுவடி தேடிப் போனவர்கள் இலக்கியத்தைத் தேடிப் போனார்கள். சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். அதே ஆண்டில் உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வந்தது. 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. அந்த உழைப்பு இல்லையென்றால் இன்று நாம் பேசும் தமிழ் இலக்கிய வரலாறே வேறாக இருந்திருக்கும். ஆனால் அந்த வெற்றியே ஒரு பழக்கத்தையும் உண்டாக்கியது. சுவடி என்றால் இலக்கியம், இலக்கணம், சமயம், மருத்துவம், சோதிடம் என்று பிரிப்பது வழக்கமாயிற்று. இந்த ஐந்தில் அடங்காதது எதுவானாலும் பலவகையில் போய் விழுந்தது. வண்டிக்கணக்கில் வந்து இறங்கிய கட்டுகளை ஒன்றிரண்டு பண்டிதர்கள் உட்கார்ந்து பார்த்த காலம் அது. முதல் ஏட்டையும் கடைசி ஏட்டையும் பார்த்து ஒரு வரி எழுதவே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

அவர்களுக்கு முன்பே வேறு கண்ணோடு சேர்த்த ஒருவர் உண்டு. இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரான காலின் மெக்கன்சி, தம் இந்திய உதவியாளர்களைக் கொண்டு ஊர் வரலாறு, கைபீது, கல்வெட்டுப் படி, கோயில் செய்தி என்று எல்லாவற்றையும் திரட்டினார். 1821இல் அவர் இறந்த பிறகு அந்தத் திரட்டு சிதறியது. சென்னைக்கு வந்து சேர்ந்த பகுதிதான் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கு அடிப்படையானவற்றில் ஒன்று. அந்த நூலகம் பல பத்தாண்டுகள் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக நூலகக் கட்டடத்தில் இருந்து, இப்போது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இருக்கிறது. மெக்கன்சியின் திரட்டைப் பார்த்தால், ஒரு நாட்டின் வரலாறு எழுத எவ்வளவு வகைத் தாளும் ஓலையும் தேவை என்பது புரியும்.

எங்களிடம் சுவடிகள் வந்து சேரும் வழி எளிமையானது. பழைய வீட்டை இடிக்கிறார்கள், பரணிலிருந்து ஒரு சாக்கு இறங்குகிறது. அல்லது ஒரு நாட்டு வைத்தியர் குடும்பத்தில் அடுத்த தலைமுறை வெளியூர் போய்விடுகிறது. சாக்கு வந்ததும் மற்றச் சுவடிகள் இருக்கும் அறைக்குள் கொண்டுபோகவே மாட்டோம். தனி அறையில் வெள்ளைத்துணி விரித்து அதன்மேல் பிரிப்போம். துணியில் உதிர்வதைப் பார்த்தாலே கட்டின் உடல்நிலை தெரிந்துவிடும். மாவு போன்ற தூள் உதிர்ந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. மண் உதிர்ந்தால் கறையான். பூச்சி போகப் புகையூட்டி, மென்தூரிகையால் துடைத்து, சில நாள் தனியே வைத்த பிறகுதான் கயிற்றில் கை வைப்போம்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பண்டிதர் ஐயா அடிக்கடி சொல்வார்: "ஏட்டை வாசிக்கிறதுக்கு முந்தி கட்டைப் பாரும்மா. கட்டே பாதி சொல்லிடும்." மேலும் கீழும் வைத்த மரச்சட்டம் இரண்டும் ஒரே மரமா, துளை ஒன்றா இரண்டா, கயிற்றின் முனையில் கிளிமூக்கு இருக்கிறதா, ஓலை தடித்த பனையோலையா மெல்லிய சீதாளமா, எல்லா ஏடும் ஒரே நீளமா என்று பார்க்கச் சொல்வார். நடுவில் சில ஏடுகள் அரைவிரல் குட்டையாக இருந்தால், இரண்டு சுவடிகள் ஒரே கயிற்றில் கோக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். பட்டியலில் முதல் சுவடியின் பெயர் மட்டும் இருக்கும். இரண்டாவது, இருப்பதே தெரியாமல் இருக்கும்.

நான் சொல்லப் போகிற கட்டும் அப்படிப்பட்டதுதான். தாமிரபரணிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து எனக்கு முந்தைய தலைமுறையில் வந்தது. சேர்க்கைப் பதிவேட்டில் "கணக்கு, முற்றுப்பெறாதது" என்று இருந்தது. ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒட்டிய ஏட்டை இழுத்தால் எழுத்திருக்கும் மேல்தோல் மறு ஏட்டோடு போய்விடும். ஈரப்பதம் ஏற்றிய பெட்டிக்குள் வைத்து, இளகிய பிறகு மூங்கில் சீவலை ஓரத்தில் நுழைத்து ஒவ்வொன்றாக விடுவித்தோம். எழுத்தாணியின் கீறல் தெரிந்தது; மை போயிருந்ததால் படிக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் மஞ்சளும் இலைச்சாறும் விளக்குக்கரியும் பூசுவார்கள். நாங்கள் விளக்குக்கரியைப் புல்தைலத்தில் குழைத்துப் பஞ்சால் தடவி, உடனே சுத்தத் துணியால் துடைத்தோம். மேல்பரப்பின் கரி துணியோடு வந்துவிட, கீறலுக்குள் புகுந்த கரி தங்கியது. வெறும் பழுப்பாக இருந்த ஓலையில் வரி வரியாக எழுத்து எழுந்து வந்தது. இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ ஏட்டுக்குக் கரி பூசிவிட்டேன். அந்தக் கணத்தில் எனக்கு இன்னும் கை நிதானப்பட நேரம் ஆகிறது.

முதல் ஏட்டில் மாவும் காணியும் முந்திரியும் நிறைந்திருந்தன. இருபதில் ஒரு பங்கு, எண்பதில் ஒரு பங்கு, முந்நூற்றிருபதில் ஒரு பங்கு என்று நிலத்தைப் பங்கிடும் குறிகள். அதைப் பார்த்த பழைய பட்டியலாளர் கணக்கு என்று எழுதியது நியாயம்தான். ஆனால் நாலைந்து ஏடுகள் தள்ளி நிலப் பங்கோடு நாழிகையும் வரத் தொடங்கியது. இன்ன மடையில் இன்னாருக்கு இத்தனை நாழிகை. புள்ளி இல்லாத எழுத்து, காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம், குறில் நெடில் கொம்புக்கு வேறுபாடு இல்லை. ஒவ்வொரு சொல்லையும் இரண்டு மூன்று விதமாகப் படித்துப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டியிருந்தது. படிக்கப் படிக்க, அது ஏரிப் பாசனத்தின் முறை ஏற்பாடு என்று தெளிந்தது. தண்ணீர் நிறைந்த காலத்தில் எந்த மடை முதலில் திறக்க வேண்டும், ஏரி பாதிக்குக் கீழே இறங்கினால் கடைமடைக்காரருக்கு எப்படி முறை வைக்க வேண்டும், நீர்பாய்ச்சிக்கு அறுவடையில் எத்தனை மரக்கால் நெல் கொடுக்க வேண்டும் என்று ஊர் கூடி ஒத்துக்கொண்ட விவரம் அது.

கடைசி ஏட்டில் காலக்குறிப்பு இருந்தது. சுபகிருது வருடம், தை மாதம். அறுபதாண்டுச் சுழற்சியில் சுபகிருது 1782இலும் வருகிறது, 1842இலும் வருகிறது, 1902இலும் வருகிறது. எழுத்து வடிவத்தை மட்டும் வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தால் ஊகம்தான். நல்ல வேளையாக எழுதியவர் தென்பாண்டி வழக்கப்படி கொல்லம் ஆண்டையும் போட்டிருந்தார்: ௲௰௮, அதாவது 1018. கொல்லம் 1018 என்பது 1842 ஆகஸ்டில் தொடங்கி 1843 ஆகஸ்டில் முடிவது. தை மாதம் அதில் 1843ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விழும். சுபகிருதுவும் பொருந்துகிறது. கிழமையையும் நட்சத்திரத்தையும் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்பார்த்தோம். அவையும் சரியாக வந்தன. பெயர் இல்லாமல் கிடந்த ஒரு கட்டுக்கு ஊரும் ஆண்டும் பொருளும் கிடைத்துவிட்டன. குட்டையான நடு ஏடுகளில் வேறொரு கை எழுதிய மாட்டு வைத்தியக் குறிப்புகள் இருந்தன. அவற்றுக்குத் தனி எண் கொடுத்துத் தனிப் பதிவு போட்டோம்.

புதிய பதிவு வெளியான பிறகு அந்த ஊர்க்காரர் ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எங்கள் எழுத்துப்பெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரலால் ஓலையைத் தொடாமலே தொடர்ந்து வந்தவர், ஒரு மடையின் பெயரில் நின்றார்.

"இந்தப் பேரை எங்க ஊர்ல இன்னைக்கும் இப்படித்தாம்மா சொல்லுதோம். ஏன் அப்படிச் சொல்லுதோம்னு கேட்டா யாருக்கும் தெரியாது."

"அடுத்த வரியைப் பாருங்கய்யா. மடையைக் கட்டிக்கொடுத்தவர் பேரு அது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் முதல் ஏட்டிலிருந்து படிக்க ஆரம்பித்தார். பிறகு நீர்ப்பாசன ஆராய்ச்சி செய்கிறவர்கள் வந்தார்கள், சாதி உறவுகளை ஆராய்கிறவர்கள் வந்தார்கள். யாருக்கு எந்த மடை, யாருக்கு முறையே இல்லை என்பதைக் காட்டும் சான்றாக அதைப் படித்தார்கள். கணக்கு என்ற ஒரு சொல்லின் கீழ் இருந்தவரை இவர்களில் ஒருவரும் அதைக் கேட்டிருக்க வழியில்லை.

அச்சு நூல்களிலும் இதே கதைதான். இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்த 1835ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. அதன்பின் பெருகிய அச்சில் ஒரு பெரும்பகுதி எட்டுப் பக்கப் பாட்டுப் புத்தகங்கள். சென்னைப் பூங்கா நகர்ப் பக்கம் இருந்த குஜிலிக் கடைத்தெருவின் பெயரால் குஜிலி நூல்கள் என்று வழங்குபவை. புயல், வெள்ளம், ரயில் விபத்து, கொலை வழக்கு என்று ஊர் பேசிய செய்தி சில நாளில் சிந்தாகவும் கும்மியாகவும் தெருமுனையில் பாடப்பட்டு விற்கும். மலிவுத்தாளில் அச்சானவை. நூலகங்கள் இவற்றை வாங்கவில்லை. வாங்கியவர்கள் படித்துக் கிழித்துவிட்டார்கள்.

எங்கள் நூலகத்தில் இவை இருந்த இடம் ஒரு நீதிநூல் உரையின் பின்பக்கம். யாரோ ஒரு பழைய வாசகர், தம்மிடமிருந்த சிறு புத்தகங்களை எல்லாம் ஒரே அளவாக வெட்டி ஒரே அட்டைக்குள் பைண்டு செய்திருக்கிறார். முதுகில் முதல் நூலின் பெயர் பொன்னெழுத்தில் இருக்கிறது. நூலகமும் அந்தப் பெயருக்கு ஓர் எண் கொடுத்துவிட்டது. அட்டை கழன்றதால் பழுதுபார்க்க வந்தபோதுதான் உள்ளே புரட்டினோம். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டியிருந்ததால் பூச்சி முதுகைத் தொடவில்லை. ஆனால் தாள் அமிலமேறி, மடித்தால் அப்பளமாக நொறுங்கும் நிலையில் இருந்தது. ஒவ்வொரு தாளுக்கும் மெல்லிய ஜப்பான் தாள் ஒட்டி வலுவூட்டிய பிறகுதான் படிக்கத் துணிந்தோம். நீதிநூலைத் தாண்டினால் ஒரு வெள்ளச் சிந்து, அதன் பின் ஒரு ரயில் கும்மி, அதன் பின் முகப்பே இல்லாத ஒரு புத்தகம்.

முகப்பு இல்லாத புத்தகத்தை அடையாளம் காண எங்களுக்கு ஒரு நல்ல துணை இருக்கிறது. 1867ஆம் ஆண்டு அச்சக, நூல் பதிவுச் சட்டப்படி அச்சான ஒவ்வொரு புத்தகமும் அரசிடம் பதிவாக வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் அந்தப் பதிவுகள் காலாண்டுப் பட்டியலாக அரசிதழோடு வெளிவந்தன. நூல் பெயர், எழுதியவர், அச்சகம், பக்கம், அளவு, எத்தனை படிகள், என்ன விலை என்பதெல்லாம் அதில் இருக்கும். எங்கள் புத்தகத்தின் கடைசிப் பக்க அடியில் அச்சகத்தின் பெயர் தப்பியிருந்தது. பாட்டின் முத்திரை அடியில் பாடியவர் தம் பெயரை வைத்திருந்தார். அச்சகம், புலவர், எட்டுப் பக்கம் என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு பட்டியல்களில் ஆண்டு ஆண்டாகத் தேடி, அதன் பெயரையும் விலையையும் கண்டோம். பிறகு அந்த ஒரே அட்டைக்குள் இருந்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனித்தனிப் பதிவு எழுதினோம். முதுகில் ஒரு நூல் என்று நின்ற இடத்தில் ஒரு சிறு தொகுப்பே இருந்தது.

இந்த வகை நூல்களின் அருமையை நூலகங்களுக்கு முன்பே உணர்ந்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் அவர். நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், சமையல் குறிப்பு, அழைப்பிதழ் என்று எல்லாவற்றையும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின், அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் வாங்கித் தமிழ்நாட்டிலேயே இருக்கச் செய்தது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று இன்று சென்னையில் இயங்குவது அதுதான். பல்கலைக்கழகங்கள் பலவகை என்று ஒதுக்கியதைத் தனி மனிதர் ஒருவர் அலமாரி அலமாரியாகக் காத்தார். அதற்குப் பெயரும் எண்ணும் கொடுத்து வாசகர் கைக்குக் கொண்டுவந்தது பட்டியல் வேலை.

நம் மொழியின் முதல் அச்சு நூல்கள் கிடைத்த விதமும் இதையே சொல்கிறது. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தின் நமக்குத் தெரிந்த ஒரே படி ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதை ஆக்கிய அன்றிக்கே அன்றிக்கசுப் பாதிரியாரின் மற்றொரு நூலான 1580ஆம் ஆண்டுக் கொம்பெசியொனாயரு தொலைந்துவிட்டது என்றே கருதப்பட்டது. ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் அதன் படி இருப்பதை நூலகரான கிரஹாம் ஷா அடையாளம் கண்டு 1982இல் எழுதினார். அந்தாம் தெ புரொயென்சாவின் 1679ஆம் ஆண்டுத் தமிழ்-போர்த்துகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டவர் தனிநாயகம் அடிகள். அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவராக இருந்தபோது அதன் உருவப்படிப் பதிப்பு 1966இல் கோலாலம்பூரிலிருந்து வந்தது. இந்த நூல்களை யாரும் மண்ணுக்கடியிலிருந்து தோண்டி எடுக்கவில்லை. நல்ல நூலகங்களில், எண்ணிட்ட தட்டுகளில், நூற்றாண்டுக் கணக்கில் பத்திரமாக இருந்தன. இலத்தீனும் போர்த்துகீசியமும் அறிந்தவர்களுக்கு அவை தமிழ் நூல்களாகத் தெரியவில்லை. தமிழ் அறிந்தவர்களுக்கு அந்தப் பட்டியல்கள் எட்டவில்லை. இரண்டு பக்கமும் அறிந்த ஒருவர் வந்து பட்டியலை வாசித்தபோது அவை வெளிப்பட்டன.

லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு 1862இல் போய்ச் சேர்ந்த ஆனைமங்கலச் செப்பேடுகளை நாம் எல்லாரும் அறிவோம். 21 ஏடுகள், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ராசராசன் கொடுத்த ஊர்க்கொடை. அதன் புகழுக்குக் காரணம் செப்பு அல்ல, சோழ முத்திரை மட்டுமல்ல. அதை வரி வரியாகப் படித்து, வெளியிட்டு, மற்றவர்கள் எடுத்தாளும்படி செய்த அறிஞர்களின் உழைப்பும்தான். அதே அரசர் காலத்து ஏரிக் கணக்கோ மடைக் கணக்கோ ஓலையில் எழுதப்பட்டிருந்தால் இன்று இருக்காது. நம் வெயிலிலும் மழையிலும் ஓலைக்கு ஆயுள் சில நூற்றாண்டுதான். அதற்குள் படியெடுத்தவை பிழைத்தன. ஆகவே இப்போது கையில் இருப்பதைப் படித்துப் பதிவதற்கு நமக்கும் கால எல்லை உண்டு.

இப்போது எல்லாரும் மின்னாக்கம் பற்றிப் பேசுகிறார்கள். 2003இல் தேசியச் சுவடிகள் இயக்கம் தொடங்கியது. 2004இல் பிரிட்டிஷ் நூலகம் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தைத் தொடங்கியது. இரண்டும் நல்ல காரியங்கள். ஓலை உதிர்ந்தாலும் உருவம் மிஞ்சும். ஆனால் படம் எடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் நிர்வாகத்தினரைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. கட்டின் பெயர் பலவகை என்றே இருக்க, அதன் படங்களை வரிசை எண்ணிட்டு வன்தட்டில் போட்டால், அலமாரியில் இருந்த பலவகை வன்தட்டுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. தேடுபவர் தட்டச்சு செய்யும் சொல் அந்தப் பதிவில் இல்லையென்றால் எந்தக் கணினியும் அதைக் காட்டாது. கருவி வாங்கப் பணம் ஒதுக்குகிற இடங்களில் ஓலை வாசிக்கத் தெரிந்தவரின் பணியிடம் காலியாகவே கிடக்கிறது. ஒரு பட்டியலாளர் ஓய்வுபெறும்போது அவரோடு எழுத்து வாசிப்பும், பின்ன எண்ணும், கொல்லம் ஆண்டுக் கணக்கும் வீட்டுக்குப் போய்விடுகின்றன. முதுகலைத் தமிழ் படிக்கிற ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பருவமாவது சுவடி அறையில் உட்கார்ந்து ஒரு கட்டை முதலிலிருந்து கடைசி வரை விவரிக்கும் பயிற்சி வேண்டும். ஒரு துறையில் ஆண்டுதோறும் வரும் மாணவர்கள் ஆளுக்கொரு கட்டை விவரித்தாலே பலவகை வரிசை கண்முன்னே குறையும்.

சுவடி வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. சரஸ்வதி பூசையில் தாராளமாக வையுங்கள். ஓலைமேல் சந்தனமும் குங்குமமும் இட வேண்டாம். தண்ணீரில் கழுவ வேண்டாம், தேங்காயெண்ணெய் பூச வேண்டாம். ஒட்டிய ஏட்டைக் கத்தியால் பிரிக்க வேண்டாம். வேப்பிலையோ வசம்போ ஒரு துணியில் முடிந்து பக்கத்தில் வைத்தால் போதும். நூலகத்துக்குக் கொடுக்கும்போது நல்லதென்று தோன்றுவதை மட்டும் பொறுக்கிக் கொடுக்காமல், கணக்குத் துண்டு, மொய்ப்பட்டியல், கடிதம் எல்லாவற்றையும் இருந்தபடியே கொடுங்கள். யார் வைத்திருந்தார்கள், எந்த ஊர், அவர் என்ன தொழில் செய்தார் என்பதை ஒரு தாளில் எழுதிச் சேர்த்துவையுங்கள். அந்த ஒரு தாள் எங்களுக்குப் பல மாத வேலையை மிச்சப்படுத்தும்.

ஆராய்ச்சிக்கு வருகிற மாணவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பென்சிலும் நோட்டும் எடுத்துக்கொண்டு, கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு வாருங்கள். புகழ்பெற்ற சுவடியைப் பார்த்து முடித்ததும், பலவகைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊர்ப்பெயரோ, உங்களுக்குத் தெரிந்த தொழிலோ அதில் எங்காவது தென்பட்டால் அந்தக் கட்டைக் கேளுங்கள். படித்தபின் உங்களுக்குத் தெரிந்ததை எழுதி எங்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். உங்கள் பெயரோடு அது பட்டியலில் ஏறும். அடுத்து வருகிறவர் அங்கிருந்து தொடங்குவார்.